அத்தியாவசியம் ஒன்பது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. என் மடியில இந்தப் பை இருக்கு. மேல வைக்கச் சொல்லிக் கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டாரு, வைக்க மாட்டேன்னுட்டேன். குலுங்கக் கூடாது. வேற ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க்கு. துண்டுல சுத்தி வச்சிருக்கேன். உங்க பையைப் பாத்தேன், லேப்டாப்புதானே? அந்த லைன்லயா வேலை? மதுரை வரைக்கும் வர்றீங்களா? அப்ப நல்லதாப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அழிச்சதைத் திரும்ப எடுக்கிறதுக்கு, இலவசமாக் கிடைக்கிற சாஃப்ட்வேர்ல எது நல்லது? ஏழு சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தாச்சு. ராஜபாளையத்துல ரெண்டு கடை, சிவகாசியில ஒண்ணு, திருநெல்வேலியில மூணு. எல்லாரும் உதட்டைப் பிதுக்கிட்டாங்க. இன்னைக்கு மதுரையில டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை சொல்லியிருக்காங்க. அவரும் கையை விரிச்சா அடுத்து மெட்ராஸ்தான்.

அதுல என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்க. எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. என்ன இருந்துச்சுன்னு தெரியாமத்தான் தம்பி நான் அலையுறேன்.

என் பேரு பெருமாள்சாமி. ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரா முப்பத்திநாலு வருசம். பேரிங்கு, பெல்ட்டு, ஸ்பிண்டிலு, எந்த ரேக்குல எந்தச் சாமான் இருக்குன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் குடுப்பேன். ஆனா மில்லுல நான் பேர் வாங்கினது அதுக்கில்ல. கண்டம் பண்றதுக்கு. ஒரு வருசமா ஒருத்தரும் கேக்காத சாமான் ரேக்கை அடைச்சுக்கிட்டுக் கிடக்கும்ல, அதைப் பட்டியல் போட்டு, நேரா ‘கண்டம்’னு எழுதி வெளிய தள்ளிரணும். மத்த ஸ்டோர்ஸ்காரங்க இதுக்குப் பயப்படுவாங்க. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா என்ன பண்றதுன்னு தள்ளிப் போடுவாங்க. நான் பயந்ததே இல்ல. முப்பத்திநாலு வருசத்துல, நான் கண்டம் பண்ணின ஒரு சாமானை ஒருத்தன் வந்து திருப்பிக் கேட்டதில்ல.

ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்தா கை சும்மா இருக்குமா? வீட்டுக் கம்ப்யூட்டர்ல கை வச்சேன்.

கம்ப்யூட்டர் என் மக கோதைநாயகியோடது. ஒரே மக. அவ அம்மா போயி அப்ப ஆறு வருசம். வீட்டுல நானும் அவளுந்தான். அவ வீட்டுல இருந்தே பிரஸ்ஸுக்கு டைப் அடிச்சுக் குடுப்பா. கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீசு, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும். பகல் பூரா அந்த ரூம்ல டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பேச்சு அவளுக்கு வராது தம்பி. சேந்தாப்ல நாலு வார்த்தை பேசினா கண்ணு கலங்கிரும். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படி. எனக்கும் நின்னு கேக்கிற பொறுமை கிடையாது, அதையும் சொல்லிரணும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அம்புட்டுத்தான் எங்க வீட்டுப் பேச்சு.

அந்த வருசம் ஐப்பசியில கோயமுத்தூர்ல ஒரு பெரிய பிரஸ்ல அவளுக்கு வேலை கிடைச்சுச்சு. போகட்டுமாப்பான்னா. போன்னேன். கிளம்புற அன்னைக்குப் பையைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்தா. “அப்பா, கம்ப்யூட்டர்ல உங்களுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். திறந்ததும் முன்னாடியே இருக்கும். நிதானமாப் படிங்க. பதில் போன்ல சொன்னாப் போதும்”னா. சரின்னேன். ரெண்டு எட்டு வச்சுட்டு, “பொங்கலுக்கு நான் வர்ற வரைக்கும் அதுல எதையும் எடுத்துறாதீங்கப்பா”ன்னா. அதுக்கும் சரின்னேன். என் குணம் அவளுக்குத் தெரியும்ல.

நாலாம் நாள் மெஷினைத் திறந்தேன். ஆமை தோத்துரும். ஒரு காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே கிடக்கு. எனக்கு அழுக்கு ஸ்டோர்ஸுக்குள்ள உக்காந்து எதையும் படிக்க ஓடாது. முதல்ல சுத்தம், அப்புறம் சாவகாசமாப் படிப்போம்னு பக்கத்துத் தெரு செல்லையாவைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவரு. அவரு பாத்துட்டு, “அண்ணாச்சி, இதுல பாதி திருட்டு சாஃப்ட்வேரு. பிரஸ்காரங்க காப்பி போட்டுக் குடுத்தது. வைரஸ் இது வழியாத்தான் வரும். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேண்டியது அம்புட்டும் இப்ப முறைப்படி இலவசமாவே கிடைக்குது. எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க”ன்னாரு.

முடிவு பண்ணுங்கன்னு எங்கிட்டயா சொல்றது? ஒரு நோட்டை எடுத்தேன். ‘அத்தியாவசியம்’னு தலைப்பு போட்டேன். இன்டர்நெட் பாக்க ஒண்ணு. கடுதாசி எழுத ஒரு ஆபீஸ் சாஃப்ட்வேர், காசு குடுத்து வாங்குறதுல உள்ளது அம்புட்டும் அதுலயும் இருக்கு, வாங்குறவன்தான் ஏமாளி. படம் பாக்க, ரோட்டுல வைப்பாங்களே ஆரஞ்சுக் கூம்பு, அந்தப் படம் போட்டது. அதுல ஓடாத படமே கிடையாது. பிடிஎஃப் திறக்க ஒண்ணு, சுருட்டிக் கட்டின ஃபைலைப் பிரிக்க ஒண்ணு, போட்டோவை வெட்டி ஒட்ட ஒண்ணு. வைரஸுக்குக் காவல். குப்பை கூட்ட ஒண்ணு. ஒன்பதாவது, சீட்டு விளையாட. அது எப்படி அண்ணாச்சி அத்தியாவசியம்னு செல்லையா சிரிச்சாரு. ரிட்டையர் ஆகிப் பாரும், தெரியும்னேன்.

அந்த மனுசன் பத்தாவதா ஒண்ணு சொன்னாரு தம்பி. “உள்ளது எல்லாத்தையும் இன்னொரு காப்பி எடுத்து வைக்கிறது ஒண்ணு இருக்கு, அதுவும் இலவசந்தான், போட்டுக்கிடுங்க.” ஒரே சாமானை ரெண்டு ரேக்குல வைக்கிறவன் ஸ்டோர்ஸ்காரனே இல்லன்னேன். எப்படிச் சொன்னேன் பாருங்க. எனக்கே சிரிப்பு வந்துச்சு, அவரும் சிரிச்சாரு. அதைப் போடல.

அப்புறம் இந்த ஃபாண்ட்டு. தமிழ் எழுத்து மட்டும் நானூத்திப் பன்னிரண்டு விதம் வச்சிருந்தா. எண்ணிப் பாத்தேன். தமிழுக்கு உள்ளதே இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து, அதுக்கு நானூறு சட்டையா? மெஷினோடயே ஒரு தமிழ் எழுத்து சும்மா வருது, அது போதாதா? பத்திரிகை வேலைக்குத்தானே இது, அந்த வேலையும் இனிமே இங்க இல்லையே. எல்லாம் கண்டம்னு எழுதிட்டேன். செல்லையா மட்டும் பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமான்னாரு. நான்தான் சொல்றேன்லன்னேன்.

மெஷின் பறந்துச்சு தம்பி. பொத்தானை அமுக்கினா விளக்கு மாதிரி உடனே வருது. செல்லையா சபரிமலைக்கு மாலை போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நான் மறுநாள் குளிச்சு, விபூதி பூசி, மக எழுதினதைப் படிப்போம்னு உக்காந்தேன். அவ சொன்ன மாதிரியே ஒரே ஒரு ஃபைல் முன்னாடி இருந்துச்சு. திறந்தேன்.

ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்ல. இங்கிலீசும் இல்ல. எம், டி, புள்ளியும் கமாவும் ஒண்ணாப் போட்டது, பெரிய ஜி, எஸ், திரும்பவும் அந்தப் புள்ளி கமா. பக்கம் பூரா அப்படியே ஈ மொய்ச்ச மாதிரிக் கிடக்கு. ரெண்டரைப் பக்கம். அந்த வாரந்தான் பேப்பர்ல போட்டிருந்தான், வைரஸ் உள்ள புகுந்து ஃபைலையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டுப் பணம் கேக்குதுன்னு. என் மக எழுதினதைத் தின்னுட்டான், விட்டா என் ஒன்பதையும் தின்னுருவான்னு நினைச்சேன். நினைச்சுப் பாருங்க, பயம் அந்த ஒன்பதுக்கு.

மில்லுல ஒரு பழக்கம் உண்டு. சாமான் கெட்டுப் போயிருந்தா, திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி ரிஜெக்‌ஷன் சீட்டு எழுதணும், கோளாறுக்கு ஒரு சாம்பிள் குறிச்சு. கை தன்னால ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துச்சு. முதல் வரியையும் கடைசி வரியையும் எழுத்து எழுத்தாப் பாத்து எழுதினேன், செல்லையா வந்தா காட்டலாம்னு. முதலும் கடைசியும் போதும், அது ஸ்டோர்ஸ் வழக்கம். நடுவுல உள்ளதை யாரும் குறிக்க மாட்டாங்க. அப்புறம் ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு டெலிட்டை அமுக்கினேன். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாம ஒரேயடியாப் போகும்னு செல்லையா சொல்லிக் குடுத்திருந்தாரு.

பத்தாம் நாள் போன் பண்ணினா. “அப்பா, படிச்சீங்களா?”

இல்லம்மா, வைரஸ் தின்னுருச்சுன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சொன்னா, கம்ப்யூட்டர்ல எதையாச்சும் எடுத்தீங்களான்னு கேப்பா. எடுக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு நாலாம் நாளே நானூத்திப் பன்னிரண்டையும் வெளிய தள்ளினவன் என்ன பதில் சொல்லுவான்? வெக்கமா இருந்துச்சு. “படிச்சேன்”னுட்டேன்.

“நீங்க என்னப்பா சொல்றீங்க?”

எனக்குத் தெரியும் தம்பி, அதாவது தெரியும்னு நினைச்சேன். அப்பாவைத் தனியா விட மனசில்லாம, வீட்டைப் பூட்டிட்டு கோயமுத்தூருக்கு வாங்க, எங்கூடவே இருங்கன்னுதான் எழுதியிருப்பா. வேற என்ன எழுதப் போறா? மக சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடுறான்னு ஊர் பேசாதா? அதனால வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொன்னேன். “அது நமக்கு ஒத்து வராதும்மா. நாலு பேரு என்ன பேசுவாங்க? அது நடக்காது. இனிமே அதைப் பத்திப் பேச வேண்டாம்.”

“சரிப்பா”ன்னா. போனை வச்சுட்டா.

அந்தப் பொங்கலுக்கு அவ வரல. அடுத்த பொங்கலுக்கும் வரல. மாசம் ஒரு போன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். வேலை ஜாஸ்தி போலன்னு இருந்துட்டேன். ஃபைலே போனதுக்கப்புறம் அந்தச் சீட்டைச் செல்லையாகிட்டக் காட்டவும் தோணல. ரெண்டு வருசம் அந்தக் கம்ப்யூட்டர்ல படம் பாத்தேன், சீட்டு விளையாடினேன். நிம்மதியாத்தான் இருந்தேன்னு வச்சுக்கிடுங்களேன்.

போன கார்த்திகையில, பென்சனுக்கு உயிரோட இருக்கேன்னு வருசா வருசம் காட்டணும்ல, அதுக்கு இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னாடி ஒருத்தரு மனு டைப் அடிச்சு பென்டிரைவ்ல கொண்டாந்திருந்தாரு. அங்க கம்ப்யூட்டர்ல இருந்த மேடம் அதைத் திறந்தாங்க. திரை பூரா அதே ஈ. எம், டி, புள்ளி கமா. நான் எந்திரிச்சு நின்னு “வைரஸ், வைரஸ், மூடுங்கம்மா”ன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அந்த மேடம் சிரிச்சுக்கிட்டே, “வைரஸ் இல்லைங்க ஐயா, பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சது. அந்த ஃபாண்ட் இந்த மெஷின்ல இல்லாததால இப்படித் தெரியுது. இந்தா பாருங்க”ன்னுட்டு ஒண்ணை இறக்கினாங்க, அதுவும் இலவசந்தான், ரெண்டு நிமிசம் ஆகல. மொத்தத்தையும் நீலமாக்கி ஒரு அமுக்கு. அம்புட்டும் தமிழாயிருச்சு. ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னு நிக்கிது.

எப்படி வீட்டுக்குப் போனேன்னு தெரியல. அந்த ரிஜெக்‌ஷன் சீட்டு ஃபைல்லயே இருந்துச்சு, சீட்டை மட்டும் நான் தூக்கிப் போட மாட்டேன். எடுத்துக்கிட்டு மறுபடியும் ஓடினேன். மையத்தைப் பூட்டப் போனவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு உக்கார வச்சேன். அந்த மேடம் நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தா அடிச்சாங்க. முதல் வரி, ‘அன்புள்ள அப்பாவுக்கு’. கடைசி வரி, ‘வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் மறுபடி கேட்க மாட்டேன்.’

அவ்வளவுதான். ரெண்டரைப் பக்கத்துல எங்கிட்ட இருக்கிறது அந்த ரெண்டு வரி.

நான் எதை வேண்டாம்னு சொன்னேன் தம்பி?

அன்னையில இருந்து கம்ப்யூட்டரை நான் போடுறதில்ல. செல்லையா ஒரு கணக்கு சொன்னாரு. அழிச்சது அங்கேயேதான் இருக்கும் அண்ணாச்சி, சீட்டைக் கிழிச்சுட்டோம், சாமான் ரேக்குல கிடக்கும், வேற சாமானை அது மேல வச்சாத்தான் போச்சுன்னாரு. எனக்கு அது நல்லாப் புரியும். ஆனா ரெண்டு வருசமா எம்புட்டு வச்சிருக்கேன்? வாராவாரம் அந்த ஒன்பதையும் புதுசு பண்ணிக்கிட்டே இருந்தேனே. எந்தச் சாஃப்ட்வேரு என் மக எழுத்து மேல ஏறி உக்காந்திருக்கோ. அந்தச் சீட்டு விளையாட்டுதானோ என்னவோ.

மெஷினு அணைஞ்சு கிடக்கு. ஆனா மத்தியானம் மூணு மணி வாக்குல அந்த ரூம்ல டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும். பல்லியோ என்னவோன்னு போயிப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. வெளிய வந்து உக்காந்தா மறுபடியும் கேக்கும். உயிரோட இருக்கிற பிள்ளை இப்படி வருமா? பயமா இருக்குன்னு யார்கிட்டச் சொல்றது. இப்ப ரூம் வாசல்லயே ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கேன். சத்தம் நின்னா அதுக்கும் பயமா இருக்கு.

அந்த ஏழு சாஃப்ட்வேரும் ஒண்ணும் எடுக்காம இல்ல. குவியல் குவியலா எடுத்துச்சு. அவ அடிச்சுக் குடுத்துட்டு அழிச்சிருந்த கண்ணீர் அஞ்சலி அம்புட்டும் எந்திரிச்சு வந்துச்சு. எங்க ஊர்ல செத்தவங்க பூராப் பேரும் வரிசையா வந்து நிக்கிறாங்க. தலையாரி வந்தாரு, அரிசிக்கடைக்காரம்மா வந்தாங்க. என் வீட்டுக்காரி சுப்புத்தாய்க்கு அடிச்சதும் வந்துச்சு. அதுல ‘வருந்தும்’னு போட்டு எங்க ரெண்டு பேரு பேரும் இருக்கு. தாய்க்கு அதை அடிக்கும்போது அந்தப் பிள்ளை என்ன நினைச்சிருக்கும்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன். செத்தவங்க எல்லாரும் வந்தாங்க தம்பி, அந்த ரெண்டரைப் பக்கம் மட்டும் வரல.

எதை எழுதியிருப்பான்னு பட்டியல் போட்டிருக்கேன். கோயமுத்தூருக்குக் கூப்பிட்டிருக்கலாம். வீட்டை விக்கச் சொல்லியிருக்கலாம். மேல படிக்கணும்னு இருக்கலாம். அம்மா நகையைக் கேட்டிருக்கலாம். கல்யாணமான்னு செல்லையா கேட்டாரு. அது இருக்காதுன்னு முதல்லயே அடிச்சுட்டேன். நான் கொண்டுவந்த மாப்பிள்ளை பதினொரு பேரு, அம்புட்டுப் பேரையும் வேண்டாம்னவ. அவளுக்கு அதுல நாட்டமே கிடையாது.

தெரியும், நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். அவகிட்டயே கேக்கலாம்லன்னுதானே? எல்லாக் கடையிலயும் இதையேதான் கேட்டாங்க. கேக்கலாம். ஆனா கேட்டா, படிக்காமலே வேண்டாம்னு சொன்னேன்னு தெரிஞ்சுரும்ல? இப்ப அவ மனசுல நான் படிச்சுப் பாத்து, யோசிச்சு முடிவு சொன்ன அப்பன். கல்நெஞ்சன்னு நினைப்பா, நினைச்சுட்டுப் போகட்டும். படிக்கவே இல்லன்னு தெரிஞ்சா? முதல்ல கண்டுபிடிச்சுப் படிச்சுருவோம். படிச்சுட்டு, அப்பா யோசிச்சுப் பாத்தேன்மா, சரின்னு சொல்லிருவேன். எதுவா இருந்தாலும் சரின்னுதான் சொல்லப் போறேன். எதுக்குன்னு மட்டும் தெரியணும்.

இருங்க, போன் அடிக்குது. அட, அவதான். மாசக் கடைசியிலதானே கூப்பிடுவா. ஒரு நிமிசம் தம்பி.

“ம்... சொல்லும்மா... சாப்பிட்டேன்... பஸ்ல போயிக்கிட்டிருக்கேன், சும்மா மதுரை வரைக்கும்... யாரு? கார்மேகமா?... அப்படியா, நல்ல விசயந்தான்... அட, இதுக்கெல்லாமா எங்கிட்டக் கேப்ப?... போயிட்டு வாம்மா, தாராளமாப் போயிட்டு வா... கோதை... ஹலோ... சரி, சரி, வச்சிரு.”

கோதைதான். கார்மேகம்னு ஒருத்தரு, முன்னாடி எங்க ஊரு பிரஸ்ல இருந்தவரு. இவ அடிச்சுக் குடுத்ததை வாங்க வீட்டுக்கு வருவாரு, உள்ள வாங்கன்னா வர மாட்டாரு, வாசப்படியிலயே நிப்பாரு. அப்புறம் கோயமுத்தூர் போயி, இவளுக்கும் அங்க வேலைக்குச் சொல்லிவிட்டதே அவருதான். தங்கமான மனுசன். அவருக்குக் கல்யாணமாம். மூணு வருசமாத் தட்டிக் கழிச்சுட்டு இப்பத்தான் அவங்க வீட்டுல பாத்த பொண்ணுக்கு ஒத்துக்கிட்டாராம். பத்திரிகை இவதான் அடிச்சாளாம். நாளைக்கழிச்சு முகூர்த்தம், நான் போகட்டுமாப்பான்னு கேக்குறா. ஒரு வார்த்தை யோசிக்கல நான். இந்தத் தடவை உடனே சரின்னுட்டேன், நீங்களே கேட்டீங்கல்ல? போயி நல்லாச் சாப்பிட்டு வாம்மான்னேன்.

அவ அழுறா தம்பி. மூச்சு விட முடியாம அழுறா. ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வான்னு சொன்னதுக்கு யாராச்சும் அப்படி அழுவாங்களா?